ஆம்னி பஸ்ஸுக்கு டெல்டோனிகா ஆர்யூடிஎக்ஸ்11: வாங்கலாம், ஓடிபி வேலையை மட்டும் அதன் தலையில் கட்டாதீர்கள்

பஸ் பயணிகளுக்கு வைஃபை தரப் பயன்படும், லிதுவேனியா தயாரிப்பான இந்த 4ஜி ரூட்டர் 9 முதல் 50 வோல்ட் வரை தாங்கும். அதனால் பஸ்ஸின் 24 வோல்ட் லைனிலேயே நேராகக் கொடுக்கலாம். 4 பின் சாக்கெட்டில் சிவப்பு பாசிட்டிவ், கறுப்பு எர்த். நடுவில் 3 ஆம்பியர் ஃபியூஸ் கட்டாயம். இன்வெர்ட்டர் பிளக்கில் செருகித் தரும் பாடி கட்டுபவர்கள் இருக்கிறார்கள். டிரைவர் இன்வெர்ட்டரை அணைத்ததும் வைஃபையும் போய்விடும். பேட்டரியில் நேரடியாகக் கொடுத்தாலும் தப்பு. முழு லோடில் 16 வாட் வரை இழுக்கும், நாலைந்து நாள் ஷெட்டில் நிற்கும் பஸ்ஸில் பேட்டரி இறங்கிவிடும். சாவி போட்டால் மட்டும் கரண்ட் வரும் இக்னிஷன் லைன்தான் சரி.

ஆன்டெனாவில் கஞ்சத்தனம் வேண்டாம். ரூட்டரைத் தகரப் பெட்டிக்குள் பூட்டிவிட்டு, கூரை ஆன்டெனாவுக்கு 5 மீட்டர் மெல்லிய கேபிள் இழுத்தால் பேண்ட் 40 (4ஜி அலைவரிசைகளில் ஒன்று) சிக்னலில் கால்வாசிகூட ரூட்டருக்கு வந்து சேராது. கேபிள் 2 மீட்டருக்குள் இருக்கட்டும். எல்டிஇ (4ஜி) சாக்கெட் இரண்டிலும் ஆன்டெனா மாட்டுங்கள். நம் ஊர் பேண்டுகள் (3, 5, 8, 40) உள்ள பதிப்புதானா என்று பில் போடும் முன்பே கேட்டுவிடுங்கள்.

இரண்டு சிம் போடலாம் என்றதும் இரண்டு நெட்டும் சேர்ந்து ஓடும் என்று நினைப்பவர்கள் அதிகம். உள்ளே மோடம் (சிம்மை டவரோடு இணைக்கும் பகுதி) ஒன்றுதான், ஒரு சிம் ஓடும்போது மற்றது சும்மா இருக்கும். 'சிக்னல் குறைந்தால் மாறு' என்று வைத்தால் நெடுஞ்சாலையில் வழிநெடுக சிம் மாறிக்கொண்டே இருக்கும், ஒவ்வொரு முறையும் நெட் அறுபடும். 'டேட்டா இணைப்பு தோற்றால் மாறு' என்பதை மட்டும் வைத்து, 10 நிமிடம் கழித்து முதல் சிம்முக்குத் திரும்பச் சொல்லுங்கள். நெட் இருக்கிறதா என்று அடிக்கடி சோதித்து, இல்லையென்றால் ரூட்டரை அணைத்துப் போடும் பிங் ரீபூட்டும் இதே வம்புதான்: மலைப்பாதையில் டவர் இல்லாத இடத்தில் ரூட்டர் திரும்பத் திரும்ப ரீபூட் ஆகும். அதில் மோடத்தை மட்டும் ரீஸ்டார்ட் செய்யும் வசதி இருக்கிறது, அதைத் தேர்ந்தெடுங்கள்.

இனி பொறுப்பு விஷயம். பொது இடத்தில் வைஃபை தந்தால் பயன்படுத்துபவரை ஓடிபி மூலமோ அடையாள அட்டை நகல் மூலமோ உறுதி செய்ய வேண்டும் என்பது தொலைத்தொடர்புத் துறை 2009இலேயே சொன்னது. யாரோ அனுப்பிய மிரட்டல் மெயிலுக்கு போலீஸ் முதலில் தேடி வருவது சிம் யார் பெயரில் இருக்கிறதோ அவரைத்தான். பாஸ்வேர்டை சீட்டுக்குப் பின்னால் ஒட்டிவைப்பது இதற்குப் போதாது.

ஹாட்ஸ்பாட் மெனுவில் எஸ்எம்எஸ் ஓடிபி இருக்கிறது. ரூட்டரில் உள்ள சிம்மிலிருந்தே போகும். ஐரோப்பாவுக்குச் சரி, இங்கே சரிப்படாது. பிரீபெய்டு பிளான்களில் பெரும்பாலும் நாளுக்கு 100 எஸ்எம்எஸ்தான். 36 பெர்த், ஒரே நாளில் போக வர 72 பேர், ஓடிபி வரவில்லை என்று இரண்டாம் முறை அழுத்துபவர்களையும் சேர்த்தால் அந்த நாளின் கணக்கு தீர்ந்துவிடலாம். சாதாரண சிம்மிலிருந்து வணிக எஸ்எம்எஸ் அனுப்புவதே விதிமீறல், எண் முடக்கப்படலாம். டிஎல்டியில் (வணிக எஸ்எம்எஸ் அனுப்புபவர்களுக்கான பதிவு முறை) பதிவு செய்த எஸ்எம்எஸ் கேட்வே வழியாக ஓடிபி அனுப்பும் வெளி போர்ட்டலை (லாகின் பக்கத்தை) இணைப்பதே வழி. அந்த போர்ட்டலின் முகவரியை லாகினுக்கு முன்பே திறக்கும் பட்டியலில் சேர்க்க மறந்தால் பயணிக்கு வெறும் வெள்ளைத் திரைதான் தெரியும்.

ஒருவருக்கு 1 எம்பிபிஎஸ், 300 எம்பி என்று கட்டுங்கள். 36 பேருக்கு 10.8 ஜிபி. வரம்பை மொபைல் எண்ணோடு பிணைக்க வேண்டும். மேக் முகவரியோடு (போனின் வைஃபை அடையாள எண்) பிணைத்தால், போனில் அதை மாற்றிக்கொண்டு மறுபடி வந்துவிடுவார்கள்.

ஒரு பயணியின் போன் இன்னொருவர் போனை எட்டாதபடி தடுக்கும் கிளையன்ட் ஐசொலேஷனை ஆன் செய்யுங்கள். கேமராவும் ஜிபிஎஸ் கருவியும் வேறு விலானில் (பிரித்துவைத்த தனி நெட்வொர்க்) இருக்கட்டும். பயணிகள் பக்கத்திலிருந்து ரூட்டரின் லாகின் பக்கம் திறக்கவே கூடாது. பழைய ஸ்டாக்கில் admin01 என்ற பாஸ்வேர்டு அப்படியே இருக்கும், முதல் வேலையாக மாற்றுங்கள்.

லாக்கை (யார் எப்போது இணைந்தார் என்ற பதிவு) ரூட்டருக்குள் சேமிக்க இடம் போதாது, லாக்கைச் சேர்த்துவைக்கும் வெளி சிஸ்லாக் சர்வருக்கு அனுப்ப வேண்டும். மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னின் 2022 உத்தரவு 180 நாள் வைத்திருக்கச் சொல்கிறது, நேரத்தை அரசு அமைப்புகளான என்ஐசி அல்லது என்பிஎல்லின் நேர சர்வரோடு ஒத்திசைக்கவும் சொல்கிறது. எந்த எண்ணுக்கு எந்த ஐபி, எப்போது, எந்த போர்ட் என்பது போதும். யார் எந்தத் தளம் பார்த்தார் என்று சேர்த்துவைப்பது தேவையில்லாத சுமை. அந்த மொபைல் எண்களுக்கு ஆஃபர் எஸ்எம்எஸ் அனுப்பும் ஆசையும் வேண்டாம்.

குறை என்றால், 5ஜி கிடையாது. சாதாரண 4ஜி டப்பாவைவிட விலை பல மடங்கு. ஒன்றிரண்டு வண்டி வைத்திருப்பவர் யோசித்து வாங்கலாம். பத்து வண்டிக்கு மேல் என்றால் ஆபீஸில் உட்கார்ந்தே எல்லாவற்றையும் பார்க்கும் ஆர்எம்எஸ் வசதி தனிக் கட்டணத்தோடு வருகிறது, காசுக்கு உதவும். வண்டியை விற்கும்போது சிம்மைக் கழற்றி, ஃபேக்டரி ரீசெட் போட்டு, ஆர்எம்எஸ் கணக்கிலிருந்தும் அந்த ரூட்டரை நீக்கிவிட்டுக் கொடுங்கள்.