ஃபிளை ஆஷ் கல்: மூன்று வருடம் கழித்து

மாடியில் ஒரு அறை எடுத்தபோது மண் செங்கலுக்குப் பதிலாக ஃபிளை ஆஷ் கல் வாங்கினோம். சுவராகப் பார்த்தால் எனக்கு முழுத் திருப்தி. எல்லாக் கல்லும் ஒரே அளவு, முனை மழுங்கவில்லை. பூச்சுக்குக் கலவை குறைவாகவே பிடித்தது. மழை அடிக்கிற பக்கத்தில் மட்டும் முதல் வருடம் லேசாக உப்புப் பூத்தது. துடைத்துவிட்டோம், அப்புறம் வரவில்லை.

என் கவலை வேறு. இது அனல் மின் நிலையப் புகையிலிருந்து பிடிக்கிற சாம்பல். நிலக்கரி எரிந்துபோனாலும் அதிலிருந்த ஆர்சனிக், குரோமியம், ஈயம், துளி யுரேனியம், தோரியம் எல்லாம் பெரும்பாலும் சாம்பலில்தான் செறிந்து தங்கும். அந்த அறையில் படுப்பது மூச்சிரைப்பு உள்ள என் மகன். அதனால் விற்றவரிடம் ரிப்போர்ட் கேட்டேன். அவர் கொடுத்த தாளில் அழுத்த வலிமையும் நீர் உறிஞ்சலும் மட்டும் இருந்தன. கல்லிலிருந்து உலோகம் தண்ணீரில் கரைந்து வருகிறதா என்று பார்க்கும் கசிவுச் சோதனை, கதிர்வீச்சு அளவு? “இதையெல்லாம் யாருமே கேட்டதில்லைங்க மேடம்” என்றார். வீடு கட்ட விற்கிற பொருளுக்கு இந்தப் பதில் போதாது.

நானே இரண்டு கல்லை ஆய்வகத்துக்கு அனுப்பினேன். கதிர்வீச்சுக்கு ஐரோப்பாவில் ஒரு கணக்கு இருக்கிறது: ஒரு கிலோ கல்லில் உள்ள ரேடியம்-226, தோரியம்-232, பொட்டாசியம்-40 ஆகியவற்றின் கதிரியக்க அளவை (பெக்கரெல் என்ற அலகில்) முறையே 300, 200, 3000 ஆல் வகுத்துக் கூட்ட வேண்டும். அது 1-ஐத் தாண்டக் கூடாது. எங்கள் கல் தாண்டவில்லை. கசிவுக்கு அமெரிக்க முறைப்படி கல்லை 9.5 மில்லிமீட்டருக்குள் நொறுக்கி, அமிலம் கலந்த நீரில் 18 மணி நேரம் சுழற்றினார்கள். அதிலும் தேறியது. சாம்பலில் உள்ள சிலிக்கா சுண்ணாம்போடும் தண்ணீரோடும் சேர்ந்து இறுகும்போது உலோகங்களையும் உள்ளே பிடித்துக்கொள்கிறது. செய்த பிறகு ஒழுங்காகத் தண்ணீர் விட்டு இறுக வைத்த கல்லுக்குத்தான் இந்தக் குணம் முழுதாக வரும். நகத்தால் கீறினால் பொடி உதிர்கிற கல்லைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

சுவர் எழும்பும் நாட்களில்தான் எனக்குப் பயமாக இருந்தது. கொத்தனார் கட்டரில் உலர்வாக அறுத்தபோது அவர் புருவம், இமை எல்லாம் சாம்பல் படிந்துவிட்டது. முகத்தில் வெறும் துண்டு. அந்தத் தூசியில் நுரையீரலைக் கெடுக்கும் சிலிக்கா இருக்கும். மறுநாளிலிருந்து தண்ணீர் ஊற்றி அறுத்தார், முகக்கவசமும் வாங்கிக் கொடுத்தேன். முதல் நாளே செய்திருக்க வேண்டும்.

மிஞ்சிய உடைசலைக் கிணற்றோரப் பள்ளத்தில் கொட்டலாம் என்றார்கள். நான் விடவில்லை. அந்தக் கசிவுச் சோதனையில் ஆர்சனிக்கின் வரம்பு லிட்டருக்கு 5 மில்லிகிராம்; குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்வது 0.01. கல் சோதனையில் தேறிவிட்டது என்பதால், அதிலிருந்து ஊறுவது கிணற்றில் இறங்கினாலும் பரவாயில்லை என்று அர்த்தமில்லை. உடைசலைத் தரைக் கான்கிரீட்டுக்குள் போட்டு மூடினோம்.

அடுத்து சுற்றுச்சுவர். அதற்கும் இதே கல்தான், வேறு ஆளிடம். நிலக்கரி மாறினால் சாம்பலும் மாறும் என்பதால், இந்த லோடுக்கான இரண்டு ரிப்போர்ட்டையும் முன்கூட்டியே கேட்டிருக்கிறேன். தருவதாகச் சொல்லியிருக்கிறார்.