நாலு இயர்போன், ஆறு வருஷம்: எதில் நல்ல சத்தம், எது உழைத்தது

என் மேசை இழுப்பறையில் மூன்று இயர்போன்கள் கிடக்கின்றன. ஒன்று செத்து நாலரை வருடமாகிறது, தூக்கி எறிய மனசு வரவில்லை. இன்னொன்றின் ரப்பர் உரிந்து பிசுபிசுவென்று கையில் ஒட்டும். மூன்றாவது ஒரு மணி நேரம் பாடிவிட்டு மயங்கி விழும். மீதி ஒன்று இப்போது என் காதில் இருக்கிறது.

நான் ஒலிப்பதிவுக் கலைஞன் இல்லை. தினம் மூன்று மணி நேரமாவது காதில் மாட்டியிருப்பவன், அவ்வளவுதான். போகும்போது வரும்போது பாட்டு, வேலை நேரத்தில் போன், நடக்கும்போது ஏதாவது பேச்சு. வாங்கின வாரத்திலேயே எழுதும் விமர்சனங்களை நம்பி நாலு முறை வாங்கியிருக்கிறேன். முதல் வாரத்தில் எல்லா இயர்போனும் நன்றாகத்தான் பாடும்.

முதலாவது ஒயரோடு பிறந்து ஒயரால் செத்தது. 10 மில்லிமீட்டர் டைனமிக் டிரைவர் ஒன்றே ஒன்று. ஒரு மெல்லிய சவ்வு, அதன் பின்னால் கம்பிச் சுருள், காந்தம். பெரிய ஸ்பீக்கரைச் சுருக்கிக் காதுக்குள் வைத்த மாதிரி. பேஸ் தாராளம். மிருதங்கத்தின் தொப்பியில் விழும் அடி நெஞ்சுவரை இறங்கும். ஆனால் அதே அடி பாடுகிறவர் குரல்மேல் கம்பளி போர்த்தியதுபோலப் படர்ந்துவிடும். அன்றைக்கு அது எனக்குக் குறையாகவே தெரியவில்லை. வேறொன்றைக் கேட்டால்தானே தெரியும்.

பதினாலாவது மாதம் ஜாக் பக்கத்தில் லூஸ் காண்டாக்ட். எல்லோருக்கும் பழகின கூத்துதான்: ஒயரை ஒரு கோணத்தில் வளைத்துப் பிடித்தால் கேட்கும், கையை விட்டால் போய்விடும். அந்த இடத்தை வெட்டிவிட்டுப் புது ஜாக் வைத்துப் பற்றவைக்கலாம் என்று உட்கார்ந்தேன். உள்ளே முடிமாதிரி கம்பிகள், சிவப்பு ஒரு கொத்து, பச்சை ஒரு கொத்து, செம்பு நிறத்தில் ஒரு கொத்து. ஈயம் ஒட்டவே மாட்டேன் என்றது. தாமரை இலைத் தண்ணீராக உருண்டு ஓடியது. அரை மணி நேரம் சால்டரிங் அயர்னைத் திட்டிய பிறகுதான் புரிந்தது, அந்தச் சிவப்பும் பச்சையும் கம்பிமேல் பூசிய வார்னிஷ். அது மின்சாரத்தையும் விடாது, ஈயத்தையும் ஏற்காது. நுனியை லைட்டர் நெருப்பில் ஒரு நொடி காட்டி, கருகியதைப் பிளேடால் மெல்லச் சுரண்டினால் செம்பு பளிச்சென்று தெரியும். நடுவில் பலத்துக்காக ஓடும் நூலையும் வெட்டி எடுத்துவிட வேண்டும். அதன்பின் ஈயம் சமர்த்தாக உட்கார்ந்தது.

இவ்வளவு பாடுபட்டும் கிடைத்தது நாலு மாதம். அடுத்த தடவை ஒயர் இயர்பீஸுக்குள் நுழையும் இடத்திலேயே அறுந்தது. அங்கே வெட்டி ஒட்ட இடமில்லை. டிரைவருக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதுதான் வயிற்றெரிச்சல். பாடுகிற உறுப்பு நன்றாக இருக்கும்போதே தொண்டைக்குப் போகிற நரம்பு அறுந்து செத்தது.

அதற்கப்புறம் ஒயரைக் கழற்றி மாட்டும் வகைதான் என்று முடிவு செய்தேன். இந்த வகையில் இரண்டு மாதிரி இணைப்புகள் அதிகம் கிடைக்கின்றன. எம்எம்சிஎக்ஸ் என்பது வட்டமாகச் சட்டைப் பித்தான்போல 'டக்' என்று அமுங்கும், சுழலவும் செய்யும். டூ-பின் என்பது 0.78 மில்லிமீட்டர் தடிப்பில் இரண்டு ஊசிகள், நேராகச் செருகுவது. நான் எடுத்தது டூ-பின். என் நண்பனுடையது எம்எம்சிஎக்ஸ். சுழன்று சுழன்று இரண்டே வருடத்தில் தலையைத் திருப்பினாலே கரகரவென்று சத்தம் வர ஆரம்பித்துவிட்டது. டூ-பின்னிலும் வினை உண்டு. அடிக்கடி கழற்றினால் துளை தளரும். அதனால் நான் ஒயர் மாற்றும்போது தவிர அதைத் தொடுவதே இல்லை.

இது ஹைபிரிட். பேஸுக்கு ஒரு டைனமிக், குரலுக்கும் மேல்ஸ்தாயிக்கும் ஒரு பேலன்ஸ்டு ஆர்மேச்சர். இந்த ஆர்மேச்சர் காதுகேட்கும் கருவியிலிருந்து வந்த சாமான். இரண்டு காந்தங்களுக்கு நடுவில் ஒரு சிறு உலோக நாக்கு துடிக்கும். 1991-ல் எட்டிமோட்டிக் ரிசர்ச் கொண்டுவந்த ஈஆர்-4 இயர்போன் இந்த ஒரு டிரைவரை மட்டும் வைத்தே பேர் வாங்கியது. முதல் நாள் போட்டுக் கேட்டபோது எனக்கு ஏமாற்றம்தான். பேஸ் எங்கே என்று தேடினேன். பத்து நாள் கழித்துப் பழையதை, அறுந்த ஒயரைக் கையால் அழுத்திப் பிடித்தபடி மாட்டினால் பாடுகிறவர் அடுத்த அறையில் இருக்கிறார்! புதியதில் பாடுகிறவர் வரிக்கு வரி மூச்சு இழுப்பது கேட்டது, தம்பூரா நாலு தந்தியாகப் பிரிந்து கேட்டது. 'பர்ன்-இன்' என்று சொல்வார்கள், நூறு மணி நேரம் ஓடவிட்டால் டிரைவர் பழகிச் சத்தம் மாறும் என்று. என் அனுபவத்தில் பழகியது என் காதுதான்.

குறையும் சொல்லிவிடுகிறேன். மேல்ஸ்தாயி சில பதிவுகளில் கூசும். 's' மாதிரியான ஸகர ஒலிகள் ஊசியாகக் குத்தும். ஒயரைக் காதுக்குப் பின்னால் சுற்றிப் போட வேண்டும் என்பதால் கண்ணாடி போட்டவர்களுக்கு முதல் சில வாரங்கள் தொல்லை. ஆனால் அப்படிச் சுற்றிப் போட்டால்தான் சட்டையில் ஒயர் உரசும் 'டொக் டொக்' சத்தம் காதுக்கு ஏறாது.

நாலரை வருடத்தில் இதற்கு மூன்றாவது ஒயர் ஓடுகிறது. முதல் ஒயர் காதை ஒட்டின வளைவில் வேர்வை பட்டுப்பட்டுக் கெட்டியாகி, கண்ணாடித் தோலுக்குள் செம்பு பச்சை பூத்துவிட்டது. பார்க்கத்தான் அசிங்கம், சத்தத்தில் வித்தியாசம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. இரண்டாவது ஒயரின் ஜாக்கைக் கதவிடுக்கில் மாட்டிப் பிய்த்தது நானே. இரண்டு முறையும் மாற்ற ஐந்து நிமிடம் ஆனது.

நடுவில் ஒரு நெக்பேண்ட். அதைப்பற்றி அதிகம் சொல்ல இல்லை. சார்ஜ் நீடித்தது, சத்தம் சுமார், அழைப்புக்கு வசதி, கீழே விழாது. இரண்டாவது வருடம் கழுத்து ரப்பர் உரிய ஆரம்பித்தது. அத்தோடு ஓய்வு கொடுத்துவிட்டேன்.

நாலாவதாக வாங்கியது ஒயரே இல்லாத இயர்பட்ஸ், நாய்ஸ் கேன்சலிங் உள்ளது. மூன்று வருடமாகிறது. முதல் ஆறு மாதம் நான் இதற்கு அடிமை. மின்விசிறி, எஞ்சின் மாதிரி ஒரே சீராக உறுமும் தாழ்ந்த சத்தங்களை அப்படியே விழுங்கிவிடும். பேச்சுச் சத்தத்தை அந்த அளவுக்கு விழுங்காது. சத்தத் தரத்தில் ஹைபிரிடுக்கு ஒரு படி கீழே, முதலாவதற்கு இரண்டு படி மேலே. கோடெக், அதாவது பாட்டைச் சுருக்கி ஒயரில்லாமல் அனுப்பும் முறை, அந்த விஷயத்தில் நிறையப் பேர் மண்டையைப் பிய்த்துக்கொள்கிறார்கள். எல்டாக் என்கிற கோடெக் நொடிக்கு 990 கிலோபிட் வரை அனுப்பும், சாதா கோடெக்கான எஸ்பிசி பெரும்பாலும் 328-க்குள். ராத்திரி அமைதியான அறையில் கண்ணை மூடிக் கேட்டால் ஏதோ ஒரு நூலிழை வித்தியாசம் இருப்பதுபோல இருக்கும். நடந்துகொண்டு கேட்டால் எனக்கு இரண்டும் ஒன்றுதான். கூட்டத்தில் எல்டாக் விட்டுவிட்டு வந்ததால் அதை அணைத்தே வைத்துவிட்டேன்.

இதன் ஆயுளை நிர்ணயித்தது பேட்டரி. வாங்கினபோது ஒரு சார்ஜுக்கு ஐந்தரை மணி நேரம். இரண்டாம் வருடக் கடைசியில் மூன்று. இப்போது வலது பக்கம் இரண்டு மணி, இடது பக்கம் ஒரு மணி பத்து நிமிடம். ஒரே நாளில் வாங்கி, ஒரே பெட்டியில் தூங்குகிற ஜோடியில் இடது மட்டும் ஏன் முந்திக்கொண்டது என்று யோசித்தபோதுதான் உறைத்தது, போன் பேசும்போதெல்லாம் இடதை மட்டும் எடுத்து மாட்டுகிற பழக்கம் எனக்கு. ஒவ்வொரு பட்ஸுக்குள்ளும் இருப்பது ஐம்பது மில்லியாம்பியர் மணி சொச்சம் கொண்ட குட்டி லித்தியம் செல். பெட்டியில் வைத்த ஒவ்வொரு தடவையும் அது நூறு சதவீதம்வரை ஏறும். லித்தியத்துக்கு எப்போதும் வயிறு முட்ட இருப்பதும் ஆகாது, சூடும் ஆகாது. இடதுக்கு ஏறி இறங்குவது இரட்டிப்பு வேலை. முன்பே தெரிந்திருந்தால் மாற்றி மாற்றிப் போட்டிருப்பேன்.

செல்லை மாற்றலாமே என்று விற்ற நிறுவனத்தின் சேவை மையத்தில் கேட்டேன். "அதுக்கு ஸ்பேர் வராது சார், புதுசு எடுத்துக்கோங்க" என்றார்கள். பசை போட்டு மூடின கூடு. திறந்தால் உடையும்.

வேர்வை பற்றி ஒன்று. ஐபிஎக்ஸ்4 என்ற நீர்காப்புக் குறியீடு இருந்தால் எந்தப் பக்கத்திலிருந்தும் தெறிக்கிற தண்ணீரைத் தாங்கும் என்று பொருள். சோதிப்பது நல்ல தண்ணீரில். வேர்வையில் உப்பு இருக்கிறது. ஒருநாள் வலது பட்ஸ் சார்ஜே ஏறவில்லை, கதை முடிந்தது என்றே நினைத்தேன். பார்த்தால் சார்ஜ் ஏறும் இரண்டு குட்டி உலோகப் பொட்டுகளிலும் கருப்பாக அழுக்கு கட்டியிருந்தது. காது குடையும் பஞ்சுக் குச்சியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைத் தொட்டு இரண்டு தேய்ப்பு. உடனே விளக்கு எரிந்தது.

இப்போது எல்லாவற்றையும்விட நான் தாமதமாகக் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். போன வருடம் ஊருக்கு வந்த அக்கா மகன் என் ஹைபிரிடை வாங்கி மாட்டிப் பார்த்துவிட்டு, "மாமா, இதுல லெஃப்ட் ரொம்ப கம்மியா கேக்குது, போயிடுச்சு போல" என்றான். எனக்கும் சில மாதமாகவே சந்தேகம். ஆர்மேச்சர்தான் போய்விட்டது, கீழே விழுந்தால் அதற்கு ஆகாது என்று நானே தீர்ப்பு எழுதி, புதிதாக என்ன வாங்கலாம் என்று பட்டியல்கூடப் போட்டுவிட்டேன். அவன் ரப்பரைக் கழற்றி வெளிச்சத்தில் நீட்டி, "ஐயய்ய, மாமா, இங்க பாருங்க" என்றான். குழாய் முனையில் இருக்கிற வலை முழுக்கப் பழுப்பாகக் குறும்பி அடைத்திருந்தது. மானம் போய்விட்டது.

வலை கீழே பார்க்கும்படி பிடித்துக்கொண்டு, காய்ந்த மெல்லிய பல்துலக்கியால் கீழிருந்து மேலாகத் தட்டித்தட்டித் துலக்கினேன். வலை மேலே பார்த்தபடி துலக்கினால் அழுக்கு உள்ளேதான் விழும், அதைக் கவனிக்க வேண்டும். மாட்டிப் பார்த்தால் இடது வலதுக்குச் சமமாகப் பாடியது. செத்தது என்று நான் முடிவுகட்டியது நாலு மாதமாகச் சளி பிடித்துக் கிடந்திருக்கிறது. ஒரு சந்தேகத்தில் இழுப்பறையில் இருந்த நெக்பேண்டின் ரப்பரையும் கழற்றிப் பார்த்தேன். அதே கதை. 'சத்தம் சுமார்' என்று மேலே எழுதினேனே, அந்தத் தீர்ப்பில் பாதி என் காதழுக்கு எழுதியது.

ரப்பர் டிப் விஷயமும் அப்படியே. காதுத் துளையை டிப் இறுக மூடவில்லை என்றால் பேஸ் ஓடிவிடும், நாய்ஸ் கேன்சலிங்கும் பாதியாகும். என் இடது காதுக்கு நடு அளவு, வலதுக்குப் பெரியது. இரண்டு காதும் ஒரே அளவு என்று நினைத்துக்கொண்டு மூன்று வருடம் ஓட்டியிருக்கிறேன். சோதிக்க 40 ஹெர்ட்ஸ் ஒலியைப் போட்டு, இயர்பீஸை விரலால் லேசாக அழுத்திப் பாருங்கள். அழுத்தினதும் உறுமல் கூடினால் டிப் பொருந்தவில்லை. ஃபோம் டிப் நன்றாக மூடும், அந்த ஸகர ஊசியையும் கொஞ்சம் மழுக்கும். ஆனால் மூன்று மாதத்தில் காய்ந்த ரொட்டித் துண்டுபோல ஆகிவிடும். நான் வீட்டில் ஃபோம், வெளியே சிலிக்கான்.

இறுக மூடியதில் இன்னொரு லாபம். முன்பு வண்டிச் சத்தத்தை மீறிக் கேட்க வால்யூமை எண்பது சதவீதத்தில் வைப்பேன், இப்போது நாற்பத்தைந்தே போதும். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கு, 80 டெசிபெல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம். 90 டெசிபெல் என்றால் அது வெறும் 4 மணி நேரமாகச் சுருங்கிவிடும். தினம் மூன்று மணி நேரம் மாட்டுகிறவனுக்கு இது சின்ன விஷயமில்லை.

இரண்டு இயர்போனை ஒப்பிட உட்காருகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. எது கொஞ்சம் உரக்கப் பாடுகிறதோ அதுதான் தரமானதாகத் தோன்றும். ஒன்றிரண்டு டெசிபெல் போதும் நம்மை ஏமாற்ற. எனக்கும் முதல் முறை இயர்பட்ஸ்தான் ஜெயித்தது. இரண்டிலும் ஒரே பேச்சை ஓடவிட்டு உரப்பைச் சமன் செய்த பிறகு முடிவு தலைகீழானது.

அடுத்து வாங்கினால் என்ன வாங்குவாய் என்று அக்கா மகனே கேட்டான். பாட்டுக்கு இன்னொரு கழற்று ஒயர் இயர்போன்தான், போனில் 3.5 ஜாக் இல்லாததால் கூடவே போனின் சார்ஜ் துளையில் செருகி ஒயரை மாட்டும் ஒரு யூஎஸ்பி சி டாங்கிள். அழைப்புக்கு இயர்பட்ஸும் வேண்டும், அதில் ஒளிக்க ஒன்றுமில்லை; ஆனால் மூன்று வருடத்துக்கான வாடகை என்று நினைத்துத்தான் அதற்குக் காசு கொடுப்பேன். ஹைபிரிடின் மூன்றாவது ஒயரும் காதோரம் லேசாகப் பச்சை கட்ட ஆரம்பித்திருக்கிறது. நாலாவது ஒயர் உறை பிரிக்காமல் இழுப்பறையில், அந்தச் செத்த இயர்போனுக்குப் பக்கத்தில் இருக்கிறது.