வயதான வீட்டுப் பூனைக்கு டிரை ஃபுட்: நாலரை வருஷ அனுபவம்

பொம்மிக்கு இப்போது 14 வயது. 2011 மழைக்காலத்தில் சென்னையில் எங்கள் அடுக்குமாடிப் படிக்கட்டுக்கு அடியில் நனைந்துபோய்க் கத்திக்கொண்டிருந்த குட்டி. அன்றைக்குத் தூக்கி வந்ததிலிருந்து மூன்றாவது மாடியை விட்டு அவள் இறங்கியது ஆஸ்பத்திரிக்குப் போகும்போது மட்டும்தான். ஒன்பது வயது வரைக்கும் அவளுக்கு என்ன போடுகிறோம் என்று நான் பெரிதாக யோசித்ததில்லை. சூப்பர் மார்க்கெட்டில் எது இருக்கிறதோ அது, கிண்ணம் காலியானால் மறுபடி நிரப்புவது, அவ்வளவுதான். 2021 தொடக்கத்தில் தடுப்பூசிக்குக் கொண்டுபோனபோது டாக்டர் தராசில் வைத்துப் பார்த்தார், 5.4 கிலோ. அவளுடைய உடம்புவாகுக்கு நாலரை கிலோ போதும், விலா எலும்பு கையில் படவே இல்லை என்று சொல்லி, ஒல்லியா குண்டா என்று பார்த்துப் போடும் மதிப்பெண்ணை 9-க்கு 7 என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார். அன்று மாலையே ஒரு நோட்டு வாங்கினேன். என்ன உணவு, எத்தனை கிராம், எவ்வளவு தண்ணீர், மாதம் ஒருமுறை எடை என்று இன்று வரை எழுதுகிறேன்.

மூன்று டிரை ஃபுட் மாறியிருக்கிறோம். பிராண்ட் பெயர்களை வேண்டுமென்றே விடுகிறேன். ஒரே பெயரில் நாட்டுக்கு நாடு கலவை மாறுகிறது, பொம்மிக்கு ஒத்துக்கொண்டது உங்கள் பூனைக்கு ஒத்துக்கொள்ளாமலும் போகலாம். பையின் பின்பக்கத்தை எப்படிப் பார்ப்பது என்று சொல்கிறேன், அது எந்தப் பைக்கும் உதவும்.

முதல் பை, வளர்ந்த பூனைகளுக்கான சாதாரண வகை. பொருட்பட்டியலில் முதலில் இருந்தது மக்காச்சோளம். புரதம் 30, கொழுப்பு 10, நார் 4, ஈரம் 10 சதவீதம். சாம்பல் என்று சொல்லப்படும் தாதுப் பகுதியைப் போடவில்லை, அது டிரை ஃபுட்டில் 7, 8 சதவீதம் இருக்கும். எல்லாவற்றையும் கூட்டி 100-லிருந்து கழித்தால் மிச்சம் சுமார் 38 சதவீதம் மாவுச்சத்து. அந்த எண்ணைப் பையில் பெரும்பாலும் போட மாட்டார்கள், நாம்தான் போட்டுப் பார்க்க வேண்டும். புரதமும் கொழுப்பும் குறைந்தது இவ்வளவு என்றும், ஈரமும் நாரும் அதிகபட்சம் இவ்வளவு என்றும் அச்சடிப்பதால் இது தோராயக் கணக்குதான், ஆனால் இரண்டு பைகளை ஒப்பிடுவதற்கு இது போதும்.

ஆனால் அவள் குண்டானதற்கு மக்காச்சோளத்தை மட்டும் குறை சொல்ல மாட்டேன். கருத்தடை செய்து வீட்டுக்குள்ளேயே இருக்கிற நாலரை கிலோ பூனைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 220 கிலோகலோரி போதும். டிரை ஃபுட்டில் கிராமுக்கு மூன்றரையிலிருந்து நாலு வரை இருக்கிறது, அப்படியென்றால் 55, 60 கிராம், ஏறக்குறைய ஒரு காபி டம்ளர். சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்த முதல் வாரம் அவள் 80 கிராமுக்கு மேல் தின்றுகொண்டிருந்தாள். எந்த உணவாக இருந்தாலும் முதலில் தராசு வாங்குங்கள்.

இந்த இடத்தில் அம்மா சொன்னதையும் சொல்ல வேண்டும். "நம்ம ஊர் வீட்டுல பூனைக்குப் பால்சோறும் மீன் முள்ளும்தான்டி, அது நல்லாத்தானே இருந்துச்சு" என்பார். உண்மைதான். ஆனால் அந்தப் பூனை ராத்திரி முழுக்க எலியும் பல்லியும் பிடித்துத் தின்றது, பால்சோறு அதற்கு மேல்தீனி. பூனைக்கு டாரின் என்ற அமினோ அமிலம் உணவிலிருந்தே வந்தாக வேண்டும், இறைச்சியில்தான் அது இருக்கிறது, இல்லாமல் போனால் விழித்திரையும் இதயத் தசையும் கெடும். மாடிவீட்டில் அடைத்து வைத்திருக்கும் பூனைக்கு எலி கிடைக்காது. அதனால் தயார் உணவு கொடுப்பதில் எனக்குக் குற்ற உணர்ச்சி இல்லை.

இரண்டாவது பை, '7+ இண்டோர்' என்று போட்டது, அதாவது ஏழு வயதைத் தாண்டிய, வீட்டுக்குள்ளேயே இருக்கும் பூனைகளுக்கானது. விலை கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. நார் 7 சதவீதம், கொழுப்பு கம்மி, புரதம் 27. முதல் ஆறு மாதம் எனக்கு இதன் மேல் அவ்வளவு திருப்தி. முடிக்கட்டியை வாந்தி எடுப்பது வாரத்துக்கு ஒன்று என்று இருந்தது மாதத்துக்கு ஒன்று ஆனது, அவள் மலஜலம் கழிக்கும் மண் தட்டில் (லிட்டர் என்பார்கள்) நாற்றம் குறைந்தது, பத்து மாதத்தில் எடை 5.4-லிருந்து 4.6-க்கு வந்தது. நானே பெருமையாகத்தான் கொண்டுபோனேன். டாக்டர் முதுகில் கையை வைத்து வால் வரைக்கும் தடவிவிட்டு, "எடை குறைஞ்சது சரிம்மா, ஆனா தசையும் சேர்ந்து போயிருக்கு, பாருங்க" என்று என் விரலைப் பிடித்து வைத்துக் காட்டினார். வயிற்றில் இன்னும் தொங்கல் இருக்க, முதுகெலும்பின் முடிச்சுகள் ஒவ்வொன்றாகத் தட்டுப்பட்டன. அது எனக்கு ரொம்ப வருத்தமாக இருந்தது, தினமும் மடியில் வைத்துத் தடவுகிற நான் கவனிக்கவே இல்லையே என்று.

வயதானால் புரதத்தைக் குறைக்க வேண்டும் என்பது மனிதர்களைப் பார்த்து நாம் நினைத்துக்கொள்வது. ஆரோக்கியமாக இருக்கிற வயதான பூனைக்கு அது பொருந்தாது, 12 வயதைத் தாண்டிய பூனைகளில் பலவற்றுக்குப் புரதமும் கொழுப்பும் முன்னைப் போல் செரிப்பதில்லை, அதனால் நல்ல புரதம் கூடுதலாகவே தேவைப்படும். இன்னொன்று, பூனை உணவுக்கு அளவுகோல் வகுக்கும் அமெரிக்காவின் ஆஃப்கோ அமைப்பு குட்டிக்கு ஒன்று, வளர்ந்த பூனைக்கு ஒன்று என்றுதான் வைத்திருக்கிறது, வயதான பூனைக்கென்று தனியாக ஒன்று கிடையாது. வளர்ந்த பூனைக்கு ஈரம் நீக்கிய கணக்கில் குறைந்தபட்சப் புரதம் 26 சதவீதம், அதைத் தாண்டிவிட்டால் போதும், '7+', 'சீனியர்' என்பதெல்லாம் ஒவ்வொரு கம்பெனியும் தன் விருப்பப்படி போடுவது. அதனால்தான் ஒரு சீனியர் பையில் புரதம் 27, பக்கத்திலேயே இருக்கும் இன்னொரு சீனியர் பையில் 38.

அந்த 38 தான் எங்கள் மூன்றாவது பை. முதல் பொருள் கோழி, உணவு மணிகள் சின்னதாகவும் சீக்கிரம் பொடிகிற மாதிரியும் இருந்தன. வாங்குவதற்கு முன் இரண்டு கம்பெனிகளுக்குப் பாஸ்பரஸ் எவ்வளவு என்று கேட்டு மெயில் அனுப்பினேன், ஏனென்றால் வயதான பூனையில் சிறுநீரகம்தான் அடிக்கடி தளர்கிறது, தளர்ந்த பிறகு பாஸ்பரஸ் சேரச் சேர நிலைமை மோசமாகும். ஒருவர் எண்ணோடு பதில் போட்டார், இன்னொருவர் போடவே இல்லை. பதில் போட்டவரிடம்தான் வாங்கினேன். மாற்றுவதற்கு மூன்று வாரம் எடுத்துக்கொண்டேன், பழையதில் ஒரு ஸ்பூன் குறைத்துப் புதியதில் ஒரு ஸ்பூன் கூட்டி. பட்டினி போட்டால் தானாகத் தின்னும் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். பூனை, அதுவும் குண்டுப் பூனை, இரண்டு மூன்று நாள் தின்னாமல் இருந்தாலே ஈரலில் கொழுப்பு படிந்து உயிருக்கு ஆபத்தாகும். மூன்றாவது பையில் எட்டு மாதம் போனபின் முதுகு மறுபடி கொஞ்சம் நிறைந்தது, எடை 4.5-இல் நின்றது.

நடுவில் ஒருமுறை அந்தப் பை கிடைக்காமல், பிரித்த மூட்டையிலிருந்து கிலோ கணக்கில் லூசாகக் கொடுக்கும் கடையில் அதே உணவு என்று சொன்னதை நம்பி ஒரு கிலோ வாங்கினேன். மோந்து பார்த்துவிட்டு நகர்ந்தாள், பிறகு பசியில் தின்று இரண்டு நாள் வாந்தி. மணிகளின் மேல் தெளித்திருக்கும் கொழுப்பு காற்றுப் பட்டால் சிக்கடித்துப்போகும், சென்னையின் ஈரக்காற்றில் இன்னும் சீக்கிரம். அதற்குப் பிறகு 2 கிலோ பைக்கு மேல் வாங்குவதில்லை. 55 கிராம் கணக்கில் அது 36 நாளில் தீர்ந்துவிடும். 10 கிலோ மூட்டை மலிவுதான், ஆனால் ஆறு மாதம் திறந்து கிடக்கும். பையோடு எவர்சில்வர் சம்படத்துக்குள் வைத்து மூடுகிறேன். கிண்ணத்தைத் தண்ணீர் ஊற்றிய தட்டுக்கு நடுவில் வைக்காவிட்டால் அரை மணியில் எறும்பு மொய்த்துவிடும், எறும்பு ஏறியதை அவள் தொட மாட்டாள்.

சரி, தண்ணீர். டிரை ஃபுட் பற்றி என்னிடம் யார் கேட்டாலும் நான் கடைசியில் பேசுவது இதைத்தான். 55 கிராம் டிரை ஃபுட்டில் இருக்கும் தண்ணீர் ஐந்து மில்லி. குழம்போடு ஈரமாக வரும் உணவுப் பாக்கெட், அதாவது 85 கிராம் பவுச் ஒன்றில் 65 மில்லிக்கு மேல். பூனையின் முன்னோர்கள் பாலைவனத்துக் காட்டுப்பூனைகள், அதனால் தாகம் குறைவு, தேவையை விடக் குறைவாகத்தான் குடிக்கும். பொம்மி சமையலறைக் கிண்ணத்தைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் குளியலறை வாளியில் எட்டிக் குடிப்பாள். உணவுக்குப் பக்கத்திலிருந்து தண்ணீரை எடுத்து, அகலமான மண்சட்டியில் ஹாலில் ஒன்றும் படுக்கையறையில் ஒன்றும் வைத்த பிறகுதான் ஒழுங்காகக் குடிக்க ஆரம்பித்தாள். எவ்வளவு என்று அளக்க, காலையில் 250 மில்லி ஊற்றி மறுநாள் மிச்சத்தை அளப்பேன். அதே மாதிரி சட்டி ஒன்றை அவள் ஏறாத அலமாரியில் வைத்து, வெயிலிலும் மண்சட்டிக் கசிவிலும் போனதைக் கழித்துவிடுவேன். ஒரு நாளைக்கு 140, 150 மில்லி என்று இரண்டு வருஷம் ஓடியது.

2024 ஆகஸ்டில் அது 190 ஆனது, இரண்டு வாரத்தில் 230. லிட்டர் மண்ணில் சிறுநீர்க் கட்டிகள் பெரிதாகின. பசி அப்படியே இருந்தது, விளையாட்டும் இருந்தது, எடை மட்டும் 150 கிராம் குறைந்திருந்தது. நோட்டு இல்லாமல் இருந்திருந்தால் வெயில் அதிகம், அதனால் குடிக்கிறாள் என்று விட்டிருப்பேன். ரத்தப் பரிசோதனையில், சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் 1.9, சிறுநீர் நீர்த்துப்போயிருந்தது, தைராய்டும் சர்க்கரையும் சரியாக இருந்தன. நாள்பட்ட சிறுநீரக நோய், இரண்டாம் நிலை. டிரை ஃபுட் கொடுத்ததால்தானா என்று டாக்டரிடம் அழுதுகொண்டே கேட்டேன். வாழ்நாள் முழுக்கப் பவுச் தின்ற பூனைகளுக்கும் இது வருகிறது, அப்படி உங்களைக் குறை சொல்லிக்கொள்ளாதீர்கள், ஆனால் இனிமேல் தண்ணீர் உணவோடு உள்ளே போக வேண்டும் என்றார்.

பல்லைப் பற்றி ஒரு வார்த்தை. டிரை ஃபுட் பல்லைச் சுத்தம் செய்யும் என்று நம்பித்தான் பல வருஷம் பவுச் வாங்காமல் இருந்தேன். சாதாரண மணி பல் பட்டதும் உடைந்துவிடுகிறது, பாதியை அப்படியே விழுங்குகிறாள். 2023-இல் இரண்டு பல் பிடுங்க வேண்டி வந்தது. ஒரு பக்கமாகவே மெல்வது, வாயிலிருந்து மணி கீழே விழுவது இரண்டும் அதற்கு முன்னால் தெரிந்த அடையாளங்கள்.

இப்போது சிறுநீரகத்துக்கான டிரை ஃபுட் 20 கிராம் காலையில், அதே வகைப் பவுச் இரண்டு வேளையாகப் பிரித்து, ஒவ்வொரு தடவையும் இரண்டு ஸ்பூன் வெதுவெதுப்பான தண்ணீர் கலந்து. சூடு பட்டால் மணம் எழும், வயதான மூக்குக்கு அது வேண்டியிருக்கிறது. ஒரு மணி நேரத்தில் மிச்சத்தை எடுத்துவிடுகிறேன். செலவு முன்னைவிட மூன்று மடங்கு ஆகிறது, அதை மறைப்பதற்கில்லை. இன்று காலை எடை 4.25. நேற்று சட்டியில் குடித்தது 120 மில்லி, பவுச்சிலும் ஸ்பூனிலும் போனது தனி.