மேட்டுப்பாளையம் வனவியல் படிப்பு: முதல் வேலைக்கு எந்த அளவுக்குக் கைகொடுக்கும்?

பிளஸ் டூ முடித்தவர்கள் கவுன்சிலிங் நேரத்தில் கேட்கும் கேள்வி என்பதால் விரிவாகவே எழுதுகிறேன். மேட்டுப்பாளையம் வனக்கல்லூரியில் நடப்பது பி.எஸ்சி. வனவியல், நான்கு வருடப் படிப்பு. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கீழ் வருவதால் நீட் எல்லாம் கிடையாது, பிளஸ் டூ மதிப்பெண்தான். நாற்றங்கால், மரத்தோட்டம், காகித ஆலைகளின் மரம் வளர்ப்புத் திட்டம் மாதிரியான இடங்களில் வேலைக்குப் போக நினைப்பவர்களுக்கு இந்தப் படிப்பைத் தயங்காமல் சொல்வேன். வனத்துறையின் காக்கி உடைக்காக மட்டுமே சேர நினைத்தால் முழுவதையும் படித்துவிட்டு முடிவெடுங்கள்.

இந்தக் கல்லூரியின் முதல் பலம் அது இருக்கும் இடம். நீலகிரி அடிவாரம், சுற்றிலும் யானை நடமாட்டம் உள்ள காடு. புத்தகத்தில் பார்த்த மரம் வெளியே நிற்கும். இலை உதிர்ந்து நிற்கும் மரத்தைப் பட்டையை வைத்தே அடையாளம் சொல்லும் பழக்கம் இப்படிக் காட்டுப் பக்கம் நடந்து நடந்துதான் வரும். கோவை போகும்போது 1902இல் திறந்த காஸ் வன அருங்காட்சியகத்தையும் தவறவிடாதீர்கள், அங்குள்ள மரத்துண்டுகளைப் பார்த்தால் வைரத்தின், அதாவது மரத்தின் உள்ளே இருக்கும் கெட்டியான கட்டையின், நிறமும் ரேகையும் மனதில் பதியும்.

என்னைக் கேட்டால் மொத்தப் படிப்பிலும் உயிரான பாடம் மர அளவியல்தான். நிறைய மாணவர்கள் கணக்கு என்று பயந்து ஒதுக்கும் பாடம் இது, ஆனால் வேலையில் சேர்ந்ததும் கையில் கொடுப்பது பெரும்பாலும் டேப்பும் பதிவேடும்தான். தரையிலிருந்து 1.37 மீட்டர் உயரத்தில் சுற்றளவு எடுக்க வேண்டும், சரிவில் நிற்கும் மரத்தை மேட்டுப்பக்கம் நின்று அளக்க வேண்டும், அந்த உயரத்துக்குக் கீழேயே இரண்டாகப் பிரிந்திருந்தால் இரண்டு மரமாகப் பதிய வேண்டும். படிக்கும்போது சின்ன விஷயமாகத் தெரியும், ஒரு தோட்டம் முழுக்கத் தப்பாக அளந்தால் மதிப்பீடே மாறிப்போகும்.

வெட்டிய மரத்துக்கு வாருங்கள். வியாபாரிகள் போடுவது கால் சுற்றுக் கணக்கு. நடுச்சுற்று 4 அடி, நீளம் 10 அடி உள்ள தேக்குக் கட்டையை எடுத்துக்கொள்வோம். சுற்றை நாலால் வகுத்து, வந்ததை அதனாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்கினால் 10 கன அடி. உருளையாக வைத்து உண்மையான கன அளவைப் போட்டால் கிட்டத்தட்ட 12.7 வரும். அறுக்கும்போது சேதாரம் இருக்கும் என்பதால் அந்த முறை நிலைத்துவிட்டது, சரி, ஆனால் வருடக்கணக்கில் தேக்கை வளர்த்த விவசாயிக்கு இந்த வித்தியாசத்தை எடுத்துச் சொல்ல ஒரு ஆள் வேண்டாமா? அந்த ஆளாக உங்களை ஆக்குகிற பாடம் இது, அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

அடுத்து நாற்றங்கால். தேக்கு விதையை மாற்றி மாற்றி ஊறவைத்துக் காயவைப்பது, மலைவேம்பு விதை ஏன் சுலபத்தில் முளைக்காது, சந்தன நாற்றுப் பையில் ஏன் துவரையும் சேர்த்து வளர்க்கிறோம், சவுக்கின் வேர் முடிச்சு காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடிப்பது எப்படி என்று கைப்படச் செய்து பார்த்தவர்கள் வேலையில் திணறுவதில்லை. காகித மரத்துக்கான குளோன் நாற்று (தேர்ந்த மரத்தின் தண்டுத் துண்டிலிருந்து அதே குணத்தோடு வளர்ப்பது) உற்பத்தியையும் விடாமல் கற்றுக்கொள்ளுங்கள், தனியார் வேலைக்கு அதுதான் வாசல்.

குறை என்று பார்த்தால், நம் நாட்டு வனவியல் படிப்புக்குப் பொதுவானவைதான். பாடம் எழுத்துத் தேர்வை நோக்கியே ஓடுகிறது, வேலையோ ஆள் கணக்கு, கூலிப் பட்டியல், ஒரு ஏக்கருக்கு என்ன செலவாகும் என்ற மதிப்பீடு என்று வேறு பக்கம் இழுக்கிறது. வகுப்பில் கற்கும் வரைபடம், ஜி.பி.எஸ். மட்டும் போதாது. கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருள் இலவசம், இரண்டாம் வருடத்திலேயே ஊரில் தெரிந்த ஒரு தோப்பை அளந்து எல்லை போட்டுப் பழகிவிடுங்கள். அப்புறம் விவசாயியிடம் பேசப் பழகுங்கள். 'என்ன மரம் வைக்கலாம், எப்போ வெட்டலாம், யாரு வாங்குவா' என்று மூன்றையும் சேர்த்தே கேட்பார்கள், பதில் அவர் மண்ணையும் தண்ணீரையும் பார்த்த பிறகுதான் வர வேண்டும்.

அரசு வேலைக்கு வருவோம். வனக்காப்பாளர் பணிக்கு பிளஸ் டூ போதும். வனவர் தேர்வை பொறியியல், தாவரவியல் என்று வேறு பட்டதாரிகளும் எழுதுவார்கள். வனவியல் படித்ததால் மட்டும் இடம் காத்திருக்காது, இது எனக்கு உண்மையிலேயே வருத்தம்தான். இந்திய வனப்பணித் தேர்வில் வனவியலை விருப்பப் பாடமாக எடுக்கலாம் என்பது நல்ல அனுகூலம். வனவர், வனக்காப்பாளர் இரண்டுக்கும் நடைத்தேர்வு உண்டு: ஆண்களுக்கு 4 மணி நேரத்தில் 25 கிலோமீட்டர், பெண்களுக்கு அதே நேரத்தில் 16 கிலோமீட்டர். தேர்வு நெருங்கும்போது ஆரம்பித்தால் கால் ஒத்துழைக்காது, முதல் வருடத்திலிருந்தே வாரம் ஒருமுறையாவது நீண்ட தூரம் நடந்து வையுங்கள்.