ஓடைக்கு எதை முதலில் வாங்குவது: சிபிஎல்லா, என்டியா?

அருவியும் ஓடையும் எடுக்கப் போகிறேன் என்று சொன்னாலே எல்லோரும் கைகாட்டுவது லென்ஸ் முன்னால் மாட்டும் கறுப்புக் கண்ணாடியான என்டி ஃபில்டரைத்தான். பாலாக வழியும் தண்ணீரைப் படங்களில் பார்த்துத்தானே நமக்கும் ஆசை வந்தது? ஆனால் சின்ன ஓடைகளுக்குத்தான் என்றால், பளபளப்பை விலக்கும் சிபிஎல்லை (சர்க்குலர் போலரைசர் ஃபில்டர்) முதலில் வாங்குங்கள் என்பேன்.

என்டிக்குத் தெரிந்தது ஒரே வேலை, வெளிச்சத்தைக் குறைப்பது. அப்போதுதான் ஷட்டரை நீண்ட நேரம் திறந்துவைத்துத் தண்ணீரைப் பாலாக்க முடியும். ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாகும்: என்டி8 மூன்று ஸ்டாப், என்டி64 ஆறு, என்டி1000 பத்து. வெட்டவெளியில் அது இல்லாமல் முடியாது. உச்சி வெயிலில் ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) 100, எஃப் (லென்ஸ் துவார அளவு) 16 வைத்தாலும் ஷட்டர் 1/100 நொடிக்குப் பக்கத்தில்தான் நிற்கும். என்டி64 மாட்டினால்தான் அரை நொடியைத் தாண்டும்.

காட்டோடை பெரும்பாலும் நிழலில்தானே ஓடுகிறது? மேகம் மூடிய காலையில் சோலைக்காட்டுக்குள், ஐஎஸ்ஓ 100, எஃப் 11-லேயே கால் நொடி, அரை நொடி தானாக வந்துவிடும். கணுக்கால் அளவுத் தண்ணீருக்கு அது போதும். பாறையைச் சுற்றி ஓடும் இழைகள் தனித்தனியாகத் தெரியும். முப்பது நொடி வைத்தால் அந்த இழைகளெல்லாம் அழிந்து வெறும் வெள்ளைப் பூச்சுதான் மிஞ்சும். ஒரு விதிவிலக்கு உண்டு. மடுவில் நுரை மெல்லச் சுழலும் இடங்களில், நீண்ட எக்ஸ்போஷர் அதை வட்டம் வட்டமாக வரைந்து காட்டும். அங்கே என்டிதான் ராஜா.

சிபிஎல் செய்யும் வேலையைப் பிறகு எந்த மென்பொருளிலும் செய்ய முடியாது. வானத்தின் பளபளப்பு நீரடிக் கல்லை மறைத்துவிட்டால் மறைத்ததுதான். வால்பாறை கூழாங்கல் ஆறு மாதிரித் தெளிந்த, ஆழமில்லாத தண்ணீரில் வளையத்தைத் திருகிப் பாருங்கள், அடியில் கிடக்கும் கற்கள் ஒவ்வொன்றாக எழுந்து வரும். நனைந்த பாறை, இலைகளின் மினுக்கமும் அடங்கிப் பச்சை ஆழமாகும். ஒன்றிரண்டு ஸ்டாப் வெளிச்சத்தையும் அது குடித்துவிடுவதால், நிழலில் சின்ன என்டி வேலையும் சேர்ந்தே நடக்கும். ட்ரைபாட் இல்லாமலும் பயன்படும். என்டிக்கு அந்தச் சலுகை கிடையாது.

கோணம் முக்கியம். நீர்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 37 டிகிரி சாய்வாகப் பார்க்கும்போதுதான் பிரதிபலிப்பு முழுதாக விலகும். பாலத்தின் மேலிருந்து நேர்கீழே பார்த்து எடுத்தால் எவ்வளவு திருகினாலும் பலன் இருக்காது. எப்போதும் முழுதாக வெட்டவும் வேண்டாம். எதிர்க்கரை மரங்களில் வெயில் பட்டு அவற்றின் பிம்பம் தண்ணீரில் பொன்னும் பச்சையுமாக விழுந்தால், அதை விட்டுவைத்து எடுங்கள்.

மரங்களுக்கிடையே பொட்டுப் பொட்டாக விழும் வெயிலுக்கு இரண்டிலுமே மருந்தில்லை. அட்டை ஏறாமல் பார்த்துக்கொண்டு மேகத்துக்குக் காத்திருக்க வேண்டியதுதான்.

ஒரே செலவில் இரண்டும் என்று, திருகித் திருகி இருட்டைக் கூட்டிக் குறைக்கும் வேரியபிள் என்டி வாங்குபவர்களும் உண்டு. அதற்குள் போலரைசர்கள்தான் இருக்கின்றன, ஆனாலும் சிபிஎல் மாதிரி பிரதிபலிப்பைத் தனியாகக் கட்டுப்படுத்த விடாது. இருட்டான முனைக்குத் திருகினால் படத்தில் பெருக்கல் குறிபோல் கறுப்பு விழும்.

மொபைலின் லாங் எக்ஸ்போஷர் பல ஃபிரேம்களைச் சேர்த்துத் தண்ணீரை ஓரளவு மென்மையாக்கிவிடுகிறது, ஆனால் பளபளப்பை விலக்காது. போலரைஸ்டு கூலிங் கிளாஸ் இருந்தால் லென்ஸ் முன்னால் பிடித்துத் திருப்பிப் பாருங்கள், வேலை செய்யும்.

எதை வாங்கினாலும் உங்களிடமுள்ள பெரிய லென்ஸின் அளவுக்கு வாங்கி, சின்ன லென்ஸுகளுக்கு ஸ்டெப்-அப் ரிங் (பெரிய ஃபில்டரைச் சின்ன லென்ஸில் பொருத்தும் வளையம்) போட்டுக்கொள்ளலாம். லென்ஸுக்கு வெயில் மறைப்பான ஹூட் மாட்ட முடியாது, அவ்வளவுதான்.