பெல்ஜியம் நோட்ஸ்: 90 ரூபாய்க்கு ஒரு டெ வேவர்

பாளையங்கோட்டை பஸ் ஸ்டாண்டுப் பக்கத்து ஜெராக்ஸ் கடைகளில் யூபிஎஸ்சி மெயின்ஸ் எழுதுகிறவர்களுக்காகத் தொங்கும் நோட்ஸ்களில் புதிதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. பெல்ஜியத்தின் கூட்டாட்சியும், 2025-ல் அந்நாட்டின் பிரதமரான பார்ட் டெ வேவரின் அரசியல் வாழ்க்கையும்தான் பொருள். ஏ4 தாள், இருபக்க அச்சு, 46 பக்கம், ஸ்பைரல் போட்டு 90 ரூபாய். முழுக்கத் தமிழில் இருக்கிறது. ஜிஎஸ் 2 தாளில் பிற நாட்டு அரசியலமைப்புகளோடு ஒப்பிடும் பகுதிக்கு இதை நம்பலாமா என்றால், ஆண்டுகளுக்கு நம்பலாம், காரணங்களுக்கு நம்ப முடியாது.

முதல் 14 பக்கம் அமைப்பைச் சொல்கிறது. மூன்று பிராந்தியம் (வடக்கே டச்சு பேசும் ஃபிளாண்டர்ஸ், தெற்கே பிரெஞ்சு பேசும் வலோனியா, பிரஸ்ஸல்ஸ்), மூன்று மொழிச் சமூகம் (டச்சு, பிரெஞ்சு, ஜெர்மன்), இவை ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்கும் விதம், ஃபிளாண்டர்ஸ் மட்டும் தன் பிராந்தியத்தையும் சமூகத்தையும் ஒரே சட்டமன்றத்தில் சேர்த்துக்கொண்டது எல்லாம் தெளிவு. வரைபடமும் பழுதில்லை. குறை என்னவென்றால், பத்தாம் வகுப்பு என்சிஇஆர்டி பாடத்தில் இருக்கும் “1970 முதல் 1993 வரை நான்கு முறை திருத்தினார்கள்” என்பதோடு வண்டி நின்றுவிடுகிறது. அதன் பிறகு 2001-ல் ஐந்தாவது சீர்திருத்தம் வந்தது. 2011-ல் உடன்பாடான ஆறாவதில் பிரஸ்ஸல்ஸையும் அதைச் சுற்றிய ஃபிளாண்டர்ஸ் பகுதியையும் சேர்த்து வைத்திருந்த பிரஸ்ஸல்ஸ்-ஹாலெ-வில்வோர்டெ தொகுதியைப் பிரித்தார்கள். ஓரத்தில் இந்த இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள். நான்கு என்று எழுதினால் நோட்ஸைப் பார்த்து எழுதியது திருத்துகிறவருக்குத் தெரிந்துவிடும்.

15-ஆம் பக்கத்திலிருந்து டெ வேவர் வருகிறார். பிறப்பு 21 டிசம்பர் 1970, ஆன்ட்வெர்ப்பை ஒட்டிய மோர்ட்செல். லூவன் பல்கலைக்கழகத்தில் வரலாறு. இது சரி. தாத்தாவைப் பற்றி “நாஜி” என்று ஒரே சொல்லில் முடித்திருப்பது சோம்பல். ஆக்கிரமித்த ஜெர்மானியரோடு ஒத்துழைத்த ஃபிளெமிய (ஃபிளாண்டர்ஸ் மக்களின்) தேசிய ஒன்றியத்தில் அவர் செயலாளர். போருக்குப் பிறகு ஃபிளெமிய இயக்கத்தின்மேல் விழுந்த கறை அங்கிருந்துதான் வருகிறது. பேரன் அரசியலுக்கு வந்த பிறகும் இதைத்தான் கேட்டார்கள்.

2001 முதல் 2010 வரையிலான பகுதிதான் நோட்ஸில் மெலிந்தது. ஃபோல்க்ஸ்யூனி என்ற ஃபிளெமிய தேசியக் கட்சி உடைந்தது, கீர்ட் பூர்ஷ்வா தலைமையில் என்-விஏ (புதிய ஃபிளெமியக் கூட்டணி) பிறந்தது, 2004-ல் டெ வேவர் தலைவரானார் என்று மூன்று வரி. நடுவில் இருக்கும் கண்ணி இல்லை. 2003 தேர்தலில் 5 சதவீதத் தடுப்பு வந்தது: ஒரு தொகுதியில் அதற்குக் குறைவாக ஓட்டு வாங்கிய கட்சிக்கு அங்கே சீட் இல்லை. புதுக் கட்சிக்குக் கிடைத்தது ஒரே ஒரு சீட். தனியாக நின்றால் பிழைக்க முடியாது என்பதால்தான் 2004-ல் கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சியோடு கூட்டு. அரசமைப்புச் சீர்திருத்தம் நகரவில்லை என்று 2008-ல் அந்தக் கூட்டு முறிந்தது. ஒரு சீட்டிலிருந்து 27 சீட்டுக்கு 7 ஆண்டில் எப்படிப் போனார்கள் என்ற கேள்விக்கு இந்தக் கூட்டும் முறிவும் இல்லாமல் பதில் எழுத முடியாது.

2005-ல் போலி யூரோ நோட்டுகளை லாரிகளில் ஏற்றி வலோனியாவின் ஸ்ட்ரெப்பி-தியூ படகுத் தூக்கிக்குக் கொண்டுபோன சம்பவத்தை நோட்ஸ் வேடிக்கைச் செய்தியாக அரை வரியில் தள்ளிவிடுகிறது. கட்சியின் வாதம் முழுவதும் அந்த லாரிகளில்தான் இருந்தது: வடக்கு சம்பாதிக்கிறது, தெற்கு செலவழிக்கிறது. நிதிக்குழுவில் நமக்கு வரும் பங்கு பற்றிக் காது புளிக்கக் கேட்டவர்களுக்கு இது சட்டென்று புரியும். ஆனால் அப்படியே ஒப்பிட்டு எழுதினால் பிசகும். அங்கே பணம் பெரும்பாலும் அரசிடமிருந்து அரசுக்குப் போகவில்லை. ஓய்வூதியம், மருத்துவம், வேலையில்லாதோர் உதவி என்று கூட்டாட்சியின் சமூகப் பாதுகாப்பு வழியாக ஆட்களுக்குப் போகிறது. ஆகவே அங்கே சண்டை வரிப்பங்கின் விகிதத்தோடு நிற்பதில்லை, சமூகப் பாதுகாப்பையே பிரிப்பதா என்பதில் போய் முடிகிறது.

22-ஆம் பக்கத்தில் “541 நாள் பெல்ஜியத்தில் அரசே இல்லை” என்று தடித்த எழுத்தில் போட்டிருக்கிறார்கள். அடித்துவிடுங்கள். 13 ஜூன் 2010 தேர்தலில் 150-ல் 27 சீட்டோடு என்-விஏ முதலிடம் பெற்றது. எலியோ டி ரூப்போ பிரதமராகப் பதவியேற்றது 6 டிசம்பர் 2011. இடையில் முந்தைய பிரதமர் இவ் லெத்தெர்மின் காபந்து அரசு ஓடிக்கொண்டுதான் இருந்தது. நாட்டில் இருக்கும் ஆறு அரசுகளில் மற்ற ஐந்தும், அதாவது பிராந்திய, சமூக அரசுகள், வழக்கம்போல இயங்கின. அத்தனை நாள் நாடு ஏன் கவிழவில்லை என்பதற்கே அதுதான் விடை. முதலிடம் பெற்ற கட்சி கடைசியில் எதிர்க்கட்சி வரிசையில் உட்கார்ந்தது என்பதையும் நோட்ஸ் சொல்லவில்லை.

ஆன்ட்வெர்ப் பகுதி நன்றாக வந்திருக்கிறது. அக்டோபர் 2012 நகராட்சித் தேர்தலில் அப்போதைய மேயர் பாட்ரிக் யான்சென்ஸை வென்று, 2013 தொடக்கத்தில் மேயரானார். தேர்தலுக்கு முன் ஏறத்தாழ 60 கிலோ எடை குறைத்தது வரை இருக்கிறது (பரீட்சைக்கு எதற்கு என்று தெரியவில்லை).

உண்மையான ஓட்டை 28-ஆம் பக்கம். “பிரிவினைவாதி பிரதமரானார், இது முரண்” என்று எழுதிவிட்டு விளக்கம் தேடாமல் விட்டிருக்கிறார்கள். எண்களை வரிசையாக வைத்தாலே முரண் கரைந்துவிடும். என்-விஏ சீட்டுகள் 2010-ல் 27, 2014-ல் 33, 2019-ல் 25, 2024-ல் 24. உச்சத்தில் இருந்த 2014-ல் அவர் மேயர் நாற்காலியை விடவில்லை. பிரதமர் பதவி பிரெஞ்சு பேசும் சார்ல் மிஷேலுக்குப் போனது. அந்தக் கூட்டணியில் பிரெஞ்சுப் பக்கத்திலிருந்து இருந்தது மிஷேலின் கட்சி மட்டும். பிரெஞ்சு உறுப்பினர்களில் அது மூன்றில் ஒரு பங்குதான். 2024-ல் இரண்டு பிரெஞ்சுக் கட்சிகள் சேர்ந்தன. அந்தப் பக்கத்திலும் பாதிக்கு மேல் வந்துவிட்டது. ஐந்து கட்சிப் பேச்சுவார்த்தை இழுத்து இழுத்து, தேர்தல் முடிந்த 239-ஆம் நாள், 3 பிப்ரவரி 2025 அன்று டெ வேவர் பதவியேற்றார்.

இன்னொரு எண்ணும் வேண்டும். கூட்டணிக்கு இருப்பது 80-க்குச் சற்று மேல். அரசியலமைப்பைத் திருத்த மூன்றில் இரண்டு, அதாவது 100. ஆகவே அவர் கேட்கும் “கான்ஃபெடரேஷன்” (பெரும்பாலான அதிகாரம் பிராந்தியங்களிடம், மத்தியில் கொஞ்சம் மட்டும்) அவர் பிரதமராக இருந்தாலும் இந்தக் கணக்கில் வராது. பட்ஜெட்டும் ஓய்வூதியச் சீர்திருத்தமும் செய்யலாம். வலோனியாவில் ஓட்டு வாங்காமல் எப்படிப் பிரதமரானார் என்று கேட்பவர்களுக்கு: தொகுதிகள் மாகாணவாரியானவை, பெரிய கட்சிகள் பெரும்பாலும் தம் மொழிப் பகுதியில் மட்டும் நிற்கின்றன. 2024-ல் என்-விஏ தெற்கிலும் பட்டியல் நிறுத்திப் பார்த்தது. ஒரு சீட்டும் விழவில்லை.

30-ஆம் பக்கத்தில் அண்ணாவோடு ஒப்பீடு. 1963-ல் 16-ஆவது திருத்தத்தை ஒட்டித் திராவிட நாடு கோரிக்கையைக் கைவிட்டு 1967-ல் ஆட்சிக்கு வந்ததை இதற்கு இணை வைக்கிறார்கள். யோசனை நல்லது, பாதி தூரம்தான் போகும். இங்கே சட்டம் பிரிவினைப் பிரசாரத்தை மூடியது. அங்கே எந்தச் சட்டமும் மூடவில்லை. ஃபிளெமியக் குடியரசு என்ற இலக்கு கட்சி விதியில் இருந்துகொண்டே இருக்க, மேடையில் கான்ஃபெடரேஷன் பேசினார்கள். இந்த வேறுபாட்டை இரண்டு வரியில் எழுதினால் ஒப்பீடு நிற்கும்.

தாள் 70 ஜிஎஸ்எம். ஹைலைட்டர் போட்டால் பின்பக்கம் ஊறுகிறது. வாங்கும்போது கடையிலேயே பக்கத்தை எண்ணிப் பாருங்கள், சில பிரதிகளில் 31-க்கு அடுத்து 34 வருகிறது. விடுபட்ட இரண்டு பக்கத்தில் இருப்பது இதுதான்: டிசம்பர் 2018-ல், ஐ.நா. குடியேற்ற உடன்படிக்கையை மிஷேல் ஏற்றதை எதிர்த்து என்-விஏ அரசிலிருந்து வெளியேறியது. 2020-ல் ஏழு கட்சிகள் சேர்ந்து அலெக்ஸாண்டர் டெ குரூ தலைமையில் அமைத்த அரசில் அதற்கு இடமில்லை.