உலாவித் தேர்வு: ஃபயர்பாக்ஸுடன் நீண்டகால அனுபவம்

பல ஆண்டுகளாக என் கணினியிலும் ஆண்ட்ராய்டு கைபேசியிலும் ஃபயர்பாக்ஸ்தான் முதன்மை உலாவி. குரோமுக்கு அடிப்படையான குரோமியம் நிரலின் வழிவந்த உலாவி ஒன்றும் துணைக்கு இருக்கிறது. பாதுகாப்பு, வேகம், எளிமை என்று தனித்தனியே மதிப்பெண் போட்டுக் கூட்டிப் பார்த்து உலாவியைத் தேர்ந்தெடுப்பதுதான் வழக்கம். நீண்ட காலம் பயன்படுத்திய பிறகு, இம்மூன்றும் ஒரே கேள்வியில் வந்து சேர்வதாக எனக்குப் படுகிறது: ஒரு பக்கத்தைத் திறக்கும்போது என் கருவிக்குள் எவையெவை இறங்கலாம் என்று தீர்மானிக்கும் உரிமை யாரிடம் இருக்கிறது?

2017 நவம்பரில் வெளிவந்த ஃபயர்பாக்ஸ் 57, குவாண்டம் என்ற பெயரோடு வந்தது. பக்கத்தின் தோற்றத்தைக் கணித்து அமைக்கும் பகுதி ரஸ்ட் என்ற நிரல் மொழியில் புதிதாக எழுதப்பட்டு, கணினியின் மையச் செயலியிலுள்ள (பிராசசர்) பல கருக்களையும் ஒரே நேரத்தில் வேலை வாங்கும்படி மாறியது. அதற்குப் பின் அன்றாடப் பயன்பாட்டில் குரோமுக்கும் ஃபயர்பாக்ஸுக்கும் இடையே கண்ணுக்குத் தெரியும் வேக வேறுபாட்டை நான் உணரவில்லை. பக்கத்தைத் தாமதப்படுத்துபவை பெரும்பாலும் விளம்பர நிரல்களும், பின்தொடரும் நிரல்களும், தாமாக ஓடத் தொடங்கும் காணொளிகளுமே. ஒரு செய்திக் கட்டுரையின் எழுத்துகள் மட்டும் சில கிலோபைட்டுகளுக்குள் அடங்கிவிடும். அதனோடு ஒட்டிக்கொண்டு வருபவை அதைப் போலப் பல மடங்கு. இவற்றைத் தடுக்கும் யூபிளாக் ஆரிஜின் என்னும் நீட்சி (உலாவியோடு சேர்த்து நிறுவும் சிறு நிரல்) இயங்கும்போது அதே பக்கம் பழைய கணினியிலும் தடங்கலின்றித் திறக்கிறது. ஆகவே வேகத்தைப் பற்றிப் பேசும்போது, தடுப்பானுக்கு எவ்வளவு அதிகாரம் கொடுக்கப்பட்டிருக்கிறது என்பதையே நான் முதலில் பார்க்கிறேன்.

ஃபயர்பாக்ஸும் குரோமும் தெளிவாகப் பிரியும் இடமும் இதுதான். பக்கம் விடுக்கும் ஒவ்வொரு கோரிக்கையையும் அந்தந்த நொடியில் ஆராய்ந்து தடுக்கும் வசதி முன்பு நீட்சிகளுக்கு இருந்தது. குரோம் கொண்டுவந்த மேனிஃபெஸ்ட் வி3 விதிகளின்படி, நீட்சி தன் விதிப்பட்டியலை முன்கூட்டியே உலாவியிடம் ஒப்படைக்க வேண்டும். தடுக்கும் வேலையை உலாவியே செய்யும். எல்லாக் கோரிக்கைகளையும் படிக்கக்கூடிய நீட்சி தவறாகவும் பயன்படக்கூடும் என்று கூகுள் கூறும் காரணத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் அதன் விளைவாக யூபிளாக் ஆரிஜினின் முழு வடிவம் குரோமில் நின்றுபோய், குறைந்த திறனுடைய லைட் வடிவமே எஞ்சியிருக்கிறது. பலருக்கு அதுவே போதுமானதாக இருக்கலாம், எனக்குப் போதவில்லை. ஃபயர்பாக்ஸ் பழைய முறையையும் தொடர்ந்து அனுமதிக்கிறது. அமைப்புகளைத் தொடவே விரும்பாதவர்களுக்கு, தடுப்பான் உலாவிக்குள்ளேயே கட்டப்பட்டிருக்கும் பிரேவ் உலாவியைத் தயங்காமல் பரிந்துரைப்பேன்.

பாதுகாப்பில் ஃபயர்பாக்ஸ் எல்லா இடத்திலும் முந்தியிருக்கிறது என்று சொல்ல முடியாது. 2018 ஜனவரியில் ஒரு நிரல் இன்னொன்றின் தரவைப் படிக்க வழிவிடும் ஸ்பெக்டர் எனும் மையச் செயலிக் குறைபாடு வெளியானபின், ஒவ்வொரு தளத்தையும் தனித்தனிச் செயல்முறையில் அடைத்து வைக்கும் பாதுகாப்பைக் கணினிக்கான குரோம் அதே ஆண்டில் இயல்பாக்கியது. ஃபயர்பாக்ஸில் அது பரவலாக வந்தது 2021 இறுதியில்தான். உலாவி நினைவகத்தை விழுங்குகிறது என்ற முறையீட்டின் ஒரு பகுதி, உண்மையில் இந்தப் பாதுகாப்புக்கு நாம் கொடுக்கும் விலை. நம்மை அடையாளம் காணத் தளங்கள் உலாவியில் விட்டுவைக்கும் சிறு தரவான குக்கி விஷயத்தில் நிலைமை நேர்மாறானது. ஒரு தளத்தின் குக்கியை இன்னொரு தளத்தில் படிக்க முடியாதபடி பிரித்து வைக்கும் முறையை ஃபயர்பாக்ஸ் 2022இல் இயல்புநிலையாக்கியது. நாம் திறந்த தளம் அல்லாத பிறர் வைக்கும் மூன்றாம் தரப்புக் குக்கிகளை முற்றிலும் நீக்கும் திட்டத்தைக் குரோம் 2024இல் கைவிட்டது.

அடுத்து, புதுப்பிப்பு. 2023 ஆகஸ்ட் முதல் குரோம் வாரந்தோறும் பாதுகாப்புத் திருத்தங்களை வெளியிடுகிறது. குரோமியத்தை அடிப்படையாகக் கொண்ட சிறிய உலாவி எதையாவது நிறுவ நினைப்பவர், அந்தத் திருத்தங்கள் அதற்கு எத்தனை நாள் கழித்து வருகின்றன என்று முதலில் பார்க்க வேண்டும். ஓட்டை ஊரறிந்த பிறகும் அடைக்கப்படாமல் கிடக்கும் உலாவிக்கு வேறு எந்தச் சிறப்பும் ஈடாகாது.

எளிமையை நான் தோற்றத்தைக் கொண்டு அளப்பதில்லை. நிறுவியிருக்கும் நீட்சிகளின் எண்ணிக்கையைக் கொண்டே அளக்கிறேன். பயன்படுத்தாத டேப்களை உறங்க வைத்து நினைவகத்தை மிச்சப்படுத்திய தி கிரேட் சஸ்பெண்டர் என்ற நீட்சி மிகப் பரவலாகப் பயன்பட்டது. அது கைமாறிய பிறகு, தீங்கு விளைவிக்கும் நிரல் இருப்பதாகக் கூறி 2021 பிப்ரவரியில் கூகுள் அதை முடக்கியது. நல்ல நீட்சி கூட நாளை யார் கையில் இருக்கும் என்பதற்கு உறுதியில்லை என்பதால், என்னிடம் இருப்பவை தடுப்பானும் கடவுச்சொல் மேலாளரும் மட்டுமே. பின்னது நினைவாற்றலுக்கு மட்டும் துணையல்ல: வங்கியின் முகவரியைப் போலவே தோன்றும் போலித் தளத்தில் அது கடவுச்சொல்லை நிரப்ப முன்வராது. கண் ஏமாறும் இடத்தில் அது ஏமாறுவதில்லை.

குறைகளும் உண்டு. குரோமியத்தில் மட்டும் சோதிக்கப்பட்ட சில அலுவல் தளங்களும் காணொளிக் கூட்டத் தளங்களும் ஃபயர்பாக்ஸில் முரண்டு பிடிக்கின்றன; துணை உலாவி அவற்றுக்காகவே. ஐபோனில் இந்தத் தேர்வுக்குப் பொருள் குறைவு. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024இலும் ஜப்பானில் 2025இலும் விதி தளர்த்தப்பட்டதைத் தவிர, ஐபோனில் எல்லா உலாவிகளும் சஃபாரியின் உள் இயந்திரமான வெப்கிட் மீதே ஓடியாக வேண்டும். ஃபயர்பாக்ஸின் நீட்சிகளும் ஐபோனில் கிடையாது. ஆண்ட்ராய்டிலோ கணினியில் இயங்கும் அதே தடுப்பானை முழுமையாக நிறுவ முடிகிறது. கைபேசியில் நான் ஃபயர்பாக்ஸைப் பிடித்துக்கொண்டிருப்பதற்கு இது ஒன்றே போதும்.

ஃபயர்பாக்ஸை உருவாக்கும் மொசில்லாவின் வருவாயில் பெரும்பங்கு, கூகுளை இயல்புத் தேடுபொறியாக வைப்பதற்கான ஒப்பந்தத்திலிருந்து வருகிறது என்பது எனக்கு உள்ளபடியே கவலை தருகிறது. தடுப்பான்களுக்கு இன்று அளித்திருக்கும் இடத்தை ஃபயர்பாக்ஸ் என்றேனும் சுருக்கினால் பிரேவுக்கு மாறிவிடுவேன். அப்படி மாறுவது எளிதாக இருக்க வேண்டும் என்றுதான், கடவுச்சொற்களை உலாவிக்குள் சேமிக்காமல் தனிக் கடவுச்சொல் மேலாளரில் வைத்து, புத்தகக்குறிகளையும் அவ்வப்போது கோப்பாக ஏற்றுமதி செய்து வருகிறேன்.